துணி சுற்றிய எழுத்தும் துலங்கும் வடிவும்



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றே அச்சமூட்டுவது. பழந்துணிக் கீற்றுகளால் சுற்றப்பட்டு, ஓரம் நைந்து, நூல்கள் தொங்க, இடுக்குகளில் இருள் தெரிய நிற்கும் எழுத்துகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அக்டோபர்த் திங்களின் இறுதியில், ஹாலோவீன் கொண்டாட்டத்தை ஒட்டிக் கடைத்தொகுதிகளிலும் விளம்பரத் தாள்களிலும் அவை தலைகாட்டுகின்றன. மாணவர்கள் அவற்றை ‘மம்மி எழுத்து’ என்பர்.

அவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கின்றன. பள்ளியில் திகில்கதை நேரத்திற்கு ஒரு சுவரொட்டி செய்யப்படுவதாகக் கொள்வோம். ஆங்கிலத் தலைப்பு துணி சுற்றிக்கொண்டு, கண் விழித்து, கைநீட்டி நிற்கும். அதன்கீழ்த் தமிழ்த் தலைப்பு, கணினி முதலில் கொடுத்த எழுத்துருவில், பாடநூல் வரிபோல் அமைதியாக அமர்ந்திருக்கும். இரண்டையும் பார்க்கும் சிறுவன் எவரும் சொல்லாமலே ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். விளையாட்டும் வியப்பும் ஆங்கிலத்திற்கு உரியவை, தமிழ் தேர்வுக்கும் விழாவுக்கும் உரியது என்பதே அது. இப்பாடத்தை நாம் கற்பிக்க விரும்பவில்லை. ஆயினும் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழெழுத்திற்கும் இந்த வேடத்தைப் புனைய முடியுமா? முடியும். ஆனால் ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்பட்ட செய்முறையை அப்படியே பின்பற்றினால் எழுத்துக் கெட்டுவிடும். எனவே துணி சுற்றும் கலை எங்கிருந்து வந்தது, அதன் நோக்கம் யாது என்பதை முதலில் அறிதல் நன்று. நோக்கம் தெரிந்தால் முறை தானே விளங்கும்.

பண்டைய எகிப்தியர் இறந்தோரின் உடலை நேட்ரான் என்னும் இயற்கை உப்பினுள் வைத்து ஈரத்தை வற்றச் செய்தனர். பின்னர் எண்ணெயும் பிசினும் பூசி, ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன் துணியால் சுற்றினர். இப்பணி முழுவதும் நிறைவுற எழுபது நாள்கள் ஆயின. வீட்டில் பயன்பட்ட பழைய துணிகளும் கீற்றுகளாகக் கிழிக்கப்பட்டு இதற்கு உதவின. செல்வர் ஒருவரின் உடலைச் சுற்றப் பல நூறு சதுர மீட்டர் துணிகூடச் செலவாகியிருக்கிறது. மம்மி என்னும் சொல், நிலக்கீலைக் குறித்த ‘மூமியா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உடலின்மேல் கறுத்துக் கிடந்த பிசினை நிலக்கீல் என்று கருதியதால் அப்பெயர் நிலைத்தது.

நமக்கு இங்கே முதன்மையானது சுற்றிய முறை. அவர்கள் உடலை ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. சீரிய முறையில் பதப்படுத்தப்பட்ட உடல்களில் விரல்களைத் தனித்தனியே சுற்றினர். அடுத்துக் கைகளையும் கால்களையும் சுற்றினர். அதன் பின்னரே முழுவுடலையும் சேர்த்துச் சுற்றினர். 1922ஆம் ஆண்டு நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையில், அம்மன்னனின் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் தனித்தனியே பொன்னுறை இடப்பட்டிருந்தது. இத்தனை கவனம் ஏன்? உயிர் திரும்பி வந்து தன் உடலை அடையாளங் காண வேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆதலின் துணியின் பணி உருவைக் காப்பது. சுற்றிய பின்னும் விரல் விரலாகவும் தோள் தோளாகவும் இருத்தல் வேண்டும்.

ரோமானியர் ஆட்சிக் காலத்து எகிப்தில் இக்கட்டுகள் அழகுக் கலையாகவும் வளர்ந்தன. கீற்றுகளைச் சாய்வாகக் குறுக்கிட்டுச் சுற்றி, அடுக்கடுக்கான சாய்சதுரங்களை உண்டாக்கி, அவற்றின் நடுவே பொன்முலாம் பூசிய குமிழ்களைப் பதித்தனர். கட்டு என்பது கண்டபடி சுற்றுவது என்று எண்ணும் மாணவர்கள் அருங்காட்சியகப் படங்களில் இவற்றைப் பார்க்க வேண்டும். அச்சத்திற்கு அங்கே இடமில்லை, ஒழுங்கே தெரிகிறது.

அச்சம் பின்னர்த் திரைப்படம் வழியாக வந்தது. 1932இல் கார்ல் ஃபிராய்ண்ட் இயக்கத்தில் ‘தி மம்மி’ என்னும் அமெரிக்கப் படம் வெளியாயிற்று. போரிஸ் கார்லாஃப் என்னும் நடிகருக்கு ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் பல மணி நேரம் செலவிட்டுத் துணி சுற்றினார். அத்துணை உழைப்புக்குப் பின்னும் கட்டுடன் கூடிய அவ்வுருவம் படத்தின் தொடக்கத்தில் சிறிது நேரமே தோன்றுகிறது. கண் மெல்லத் திறக்கிறது, கை அசைகிறது, பின்னர்த் தரையில் இழுபட்டுச் செல்லும் துணிக்கீற்று மட்டுமே தெரிகிறது. பார்ப்பவர் நெஞ்சம் நடுங்க அது போதுமாக இருந்தது. எழுத்தை வடிவமைப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொங்கும் ஒரு கீற்று செய்யும் வேலையைத் தொங்கும் முப்பது கீற்றுகள் செய்ய மாட்டா.

துணிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவில் இன்னுமொரு செய்தி உண்டு. 1848இல் மிகாய்லோ பாரிச் என்பவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஒரு பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலை வாங்கினார். இன்று அது குரோவாசிய நாட்டுத் தலைநகர் சாகிரெப்பின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வுடலைச் சுற்றியிருந்த துணியில் எழுத்து இருப்பதை 1867இல் எகிப்தியல் அறிஞர் ஹைன்ரிக் புரூக்ஷ் கவனித்தார். 1891இல் யாக்கோப் கிரால் என்னும் அறிஞர், அது இத்தாலியில் வழங்கி மறைந்த எத்துருஸ்கன் மொழி என்று கண்டறிந்தார். யாரோ ஒருவர் லினன் துணியில் எழுதிய நூலைக் கீற்றுகளாகக் கிழித்துக் கட்டுக்குப் பயன்படுத்தியிருக்கின்றனர். ஏறத்தாழ 1,200 சொற்கள் அதில் படிக்கும் நிலையில் உள்ளன. எத்துருஸ்கன் மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிக நீண்ட பனுவல் இதுவே.

கட்டுத்துணியாகப் போனதால் அந்நூல் பிழைத்தது. அதன் எழுத்துகளை இன்று ஒலித்துப் படிக்க முடிகிறது. ஆனால் மொழியைப் பேசுவார் இல்லாமையால் பொருள் முழுமையாக விளங்கவில்லை. நம் நிலை வேறு. நம் மொழியைப் பேசுவார் இவ்வரங்கு நிறைய இருக்கிறோம். துணியைச் சுற்றி எழுத்தை நாமே படிக்க முடியாதபடி ஆக்கினால், அது காலம் செய்த கேடாகாது. நம் கவனக்குறைவாகும்.

இனித் தமிழெழுத்துக்கு வருவோம். நம் முன்னோர் எழுத்தின் உறுப்புகளுக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, மேல்விலங்கு, கீழ்விலங்கு, சுழி, புள்ளி. எழுத்தை அவர்கள் காலும் கொம்பும் உடைய ஓர் உயிராகவே கண்டிருக்கின்றனர். எகிப்தியர் விரல்களைத் தனித்தனியே சுற்றியதுபோல, நாமும் இவ்வுறுப்புகளைத் தனித்தனியே சுற்ற வேண்டும். நமது முறை முழுவதும் இதனுள் அடங்கும்.

ஆங்கிலச் செய்முறை ஏன் இங்குப் போதாது? அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூயி 1908இல் வெளியிட்ட வாசிப்புப் பற்றிய நூலில், ரோமன் எழுத்து வரியின் கீழ்ப்பாதியை மறைத்தாலும் மேற்பாதியைக்கொண்டு எளிதாகப் படிக்க முடிவதைச் சுட்டினார். எனவே அவ்வெழுத்தின் அடிப்பகுதியில் துணியைத் தாராளமாகச் சுற்றலாம். தமிழில் ககரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி, கீ, க் ஆகியவை மேலே வேறுபடுகின்றன. கு, கூ கீழே வேறுபடுகின்றன. கெ, கே, கை முன்னே வேறுபடுகின்றன. கா பின்னே வேறுபடுகிறது. நாற்புறமும் பொருள் சுமக்கும் எழுத்து நம்முடையது. எந்தப் பக்கத்தையும் பொருளற்றது என்று மூடிவிட முடியாது. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஐ’யின் மேலுள்ள புள்ளி துணிக்குள் மறைந்தாலும் சொல் மாறாது. தமிழில் புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

திகில் சுவரொட்டிக்கு மிகவும் வேண்டிய சொல்லையே சான்றாகக் கொள்வோம். ‘பேய்’ என்று எழுதித் துணி சுற்றுகிறோம். இரட்டைக்கொம்பின் மேற்சுழி ஒரு கீற்றின்கீழ் மறைந்தால் அது ‘பெய்’ ஆகிறது. பேய்வீட்டுக்கு அழைக்கும் சுவரொட்டி மழையை வேண்டும் சுவரொட்டியாகிவிடும். யகரத்தின் புள்ளியும் மறைந்தால் ‘பெய’ என்று பொருளற்று நிற்கும். துணைக்காலின் அடியில் ஒரு நைந்த முனையைச் சாய்வாகத் தொங்கவிட்டால் அது ரகரம்போல் தோன்றும். ‘பாம்பு’ ‘பரம்பு’ ஆகிவிடும். மூன்றுசுழி ணகரத்தில் ஒரு சுழியைத் துணி மூடினால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும்.

இவ்விடர் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடாமலும், எகர ஏகார வேறுபாடு காட்டாமலும், துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றுபோலவும் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. அவற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள், பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டே சரியான பாடத்தைத் துணிய வேண்டியிருந்தது. எகர ஏகாரங்களைப் பிரித்துக் காட்டும் இன்றைய வரிவடிவத்தை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏற்படுத்தினார் என்பர். இத்தனை பேர் உழைத்துத் தெளிவித்ததை ஒரு துணிக்கீற்றால் மீண்டும் கலங்கச் செய்யலாகாது.

செய்முறையை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, எழுத்துருத் தேர்வு. கோடு தடித்ததாகவும் எங்கும் ஒரே பருமன் உடையதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கோட்டின்மேல் துணி நிற்காது. குச்சியில் சுற்றிய நூல்போல் தோன்றும். அதே வேளையில் ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைபடாத எழுத்துருவாகவும் இருத்தல் வேண்டும். எழுத்துகளுக்கிடையே வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி விடுக. துணி சுற்றியதும் ஒவ்வோர் எழுத்தும் பருக்கும்.

இரண்டாவது, எழுத்து சரியாக அமைந்துள்ளதா என்று பார்ப்பது. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற செயலிகளின் சில பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றியபின் இப்பிழையைத் திருத்துவது கடினம். ஆதலின் தமிழறிந்த ஒருவர் படித்து ஒப்பிய பின்னரே மாற்றுக.

மூன்றாவது, உறுப்புப் பிரிப்பு. கால், கொம்பு, விலங்கு, சுழி ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வைத்துக்கொள்க. புள்ளிக்கென ஓர் அடுக்கு வேண்டும். அது எல்லாவற்றிற்கும் மேலே இருத்தல் வேண்டும்.

நான்காவது, சுற்றுதல். கீற்று கோட்டின் போக்கைக் குறுக்காக, சற்றே சாய்ந்து கடக்க வேண்டும். ஒவ்வொரு கீற்றும் முந்திய கீற்றின் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். அகலத்திலும் சாய்விலும் சிறு வேறுபாடு இருந்தால்தான் கைவேலை போலிருக்கும். தமிழெழுத்தில் வளைவுகள் மிகுதி. முழங்கையில் கட்டுப் போடும்போது துணி உட்புறம் நெருங்கியும் வெளிப்புறம் விரிந்தும் அமைவதைக் கண்டிருப்பீர்கள். வளைவில் கீற்றுகள் அவ்வாறே விசிறிபோல் விரிய வேண்டும். வளைவிலும் கீற்றுகளை இணைகோடுகளாக வைத்தால் வரிக்குதிரையின் தோல்போலாகிவிடும்.

ஐந்தாவது, ஒளியும் நிழலும். வெளிச்சம் ஒரு திசையிலிருந்தே வரட்டும். ஒரு கீற்று மற்றொன்றின்மேல் ஏறும் இடத்தில் மெல்லிய நிழல் இடுக. வெண்மையைத் தவிர்த்துப் பழுப்பேறிய துணியின் நிறத்தைக் கொள்க. இரண்டொரு இடங்களில் மட்டும் கீற்றுகளுக்கிடையே இடைவெளி விட்டு உள்ளிருளைக் காட்டுக. பின்னணி கருமையாயின் எழுத்தின் வெளிக்கோடு தெளிவாக நிற்கும்.

ஆறாவது, நைந்த முனைகளும் கண்களும். தொங்கும் முனை வலப்புறம் கீழே அமைந்தால் கீழ்விலங்காகவும், மேலே வளைந்தால் மேல்விலங்காகவும் படிக்கப்படும். உகரம் ஏறாத எழுத்துகளில் இடக்கீழ் மூலை பெரும்பாலும் குறியற்ற இடமாதலால் முனையை அங்கே தொங்கவிடலாம். இருளிலிருந்து பார்க்கும் கண்களை வைக்க விரும்புவோர் எழுத்தின் மேற்புறத்தில் வைக்கலாகாது. அது புள்ளியாக மயங்கும். மெய்யெழுத்தின் புள்ளியையே ஒரு கண்ணாக வரைந்தால் அணியும் ஆகும், இலக்கணமும் நிற்கும். ‘திகில்’ என்னும் சொல்லின் இறுதிப் புள்ளி விழித்துப் பார்ப்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்குக் கிட்டாத வாய்ப்பு அது.

கணினி இல்லாத வகுப்பறையிலும் இதைச் செய்யலாம். தடித்த அட்டையில் எழுத்தை வெட்டிக் கறுப்பு வண்ணம் பூசுக. மருந்துக்கட்டுக்குப் பயன்படும் காஸ் துணியையோ பழைய பருத்தித் துணியையோ தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்தி, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கீற்றுகளாகக் கிழித்துக்கொள்க. கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் தானே நைந்து நிற்கும். சுழிகளுக்கு இன்னும் குறுகிய கீற்று வேண்டும். இவ்வாறு செய்யும் மாணவர், ணகரத்துக்கு எத்தனை சுழி என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று முறை துணியை வளைத்த விரல்களுக்கு அது தெரிந்திருக்கும். எழுத்தின் உறுப்புகளைக் கற்பிக்கப் பயிற்சித் தாளையன்றி வேறு வழிகளும் உண்டு என்பதை ஆசிரியர்கள் இதனால் காணலாம்.

முடிந்தபின் மூன்று சோதனைகள் செய்க. பத்து அடி தொலைவில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சொல் தெரிய வேண்டும். கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகத்தளவாகச் சுருக்கினாலும் தெரிய வேண்டும். அந்தச் சொல்லை முன்னறியாத ஒருவரிடம், இயன்றால் தொடக்கநிலை மாணவர் ஒருவரிடம், எதுவும் சொல்லாமல் காட்டிப் படிக்கச் செய்க. அவர் தயங்கும் எழுத்து எதுவோ அங்கே ஒரு கீற்றை நீக்குக. செய்தவருக்குச் சொல் முன்பே தெரியுமாதலால் அவர் கண் இதற்குச் சான்றாகாது.

மாணவர்கள் மறவாதிருக்க வேண்டிய ஒன்றையும் கூறுவோம். நாம் விளையாட்டாகக் கொள்ளும் இவ்வுருவம் ஒரு காலத்தில் வாழ்ந்த மனிதருடையது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், கெய்ரோ நகரில் 22 அரசர் அரசியரின் உடல்கள் பழைய அருங்காட்சியகத்திலிருந்து எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அரச மரியாதையுடன் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. அந்நாட்டு மக்களுக்கு அவர்கள் முன்னோர். எழுத்துக்குத் துணி சுற்றி மகிழ்வோம். அம்மனிதரை இகழும் படங்களை அருகே வையாதிருப்போம்.

தாய்மொழியை மதிப்பது என்றால் அதை உயர்ந்த பீடத்தில் வைத்துத் தொடாதிருப்பது என்று சிலர் கருதுவர். குழந்தைகள் தாம் தொட்டு விளையாடும் பொருளையே நெருக்கமாக அறிகின்றனர். தமிழெழுத்தும் அவர்கள் கைக்கு வரட்டும். துணி சுற்றட்டும், பல் முளைக்கட்டும், இருளில் ஒளிரட்டும். ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கால் காலாக இருக்கிறதா, கொம்பு கொம்பாக இருக்கிறதா, புள்ளி தன் இடத்தில் இருக்கிறதா? அடுத்த திகில்கதை நேரத்துக்கான சுவரொட்டியில் தமிழ்த் தலைப்பை முதலில் வரையுங்கள். அதைக் கண்டு ஒரு சிறுவன் அஞ்ச வேண்டும். அஞ்சியபடியே அதைப் பிழையின்றிப் படிக்கவும் வேண்டும்.